இரண்டு ஊருக்கு ஒரு கோல்கீப்பர்

நம் வயதுக்காரர்கள் எங்காவது கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். முழங்கால் வலியில் தொடங்கும். பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு டெனிஷில் பதில் சொல்வதில் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு யாராவது ஒருவர், "நாங்கள் வந்த புதிசிலை..." என்று தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு தேநீர் ஆறிப்போனாலும் ஒருவரும் எழும்புவதில்லை. அப்படியான இடங்களில் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளைகளின் ஹேண்ட்போல் அணியில் கோல்கீப்பராக நின்ற கதை. எப்போதும் சிரிப்பு வரும் இடத்தோடு நிறுத்திவிடுவேன். மீதியை இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதில் ஒரு பகுதி எனக்கே போன கோடையில்தான் தெரிய வந்தது.

டென்மார்க்கில் எங்களைக் குடியமர்த்திய ஊர் யூலாந்துக் குடாநாட்டின் தெற்கு விளிம்பில் இருந்தது. அந்த நாட்களில் அகதிக் குடும்பங்களை ஒரே இடத்தில் சேரவிடாமல் நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். ஸ்கீவவுக்குப் போனவர்கள் உண்டு, இஷொய்க்குப் போனவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்தது எல்லையோரம். அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். ஊர் முடியும் இடத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் ஜேர்மனி.

நடந்து போகிற தூரத்தில் இன்னொரு நாடு இருப்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கடைத்தெரு. சனிக்கிழமைகளில் போய், பியரும் வெண்ணெயும் இனிப்பும் ஏற்றிக்கொண்டு, காரின் பின்பக்கம் தரையைத் தட்டுமளவுக்குத் தாழத் திரும்பி வருவார்கள். ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். ஜேர்மன் படை ஊருக்குள் புகுந்த பழைய போரின் ஞாபகம் அங்கிருந்த முதியவர்களிடம் ஈரம் காயாமல் இருந்தது. விளையாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட காவலாளிக்கு ஜேர்மன் மொழி தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் அதைப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. யாராவது அந்த மொழியில் வழி கேட்டால், காது கேட்காதவர்போலத் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அந்த மண்டபத்தின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. ரப்பர்த் தரை, ஈரக் காலுறை, பெரியவர்கள் பந்தில் பூசிவிட்டுப் போன பிசின், சிற்றுண்டிக் கூடத்தில் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த கோப்பி. வெளியே ஒக்டோபர் மழை. உள்ளே ஏழுக்கு ஏழு பேர் நின்று, ஒரு சின்னப் பந்தைக் கையால் எறிந்து வலைக்குள் போடப் பார்ப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது அம்மா, "இது விளையாட்டோ, அடிபாடோ?" என்று கேட்டார்.

எங்கள் பயிற்சியாளர் பகலில் தபால்காரி. கட்டையாக வெட்டிய தலைமுடி, காற்றில் தபால் கொடுத்துப் பழகிய உரத்த குரல். "அந்த மனிசி ஏன் எப்பவும் கோவமாயிருக்கிறா?" என்று அம்மா பல மாதம் கவலைப்பட்டார். தபால்காரி கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைக் கோலுக்குள் நிறுத்தியது அவர்தான். முகத்துக்கு நேரே பந்து வரும்போது மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். ஊரைவிட்டு வருவதற்கு முந்திய வருடங்களில், விமானங்கள் மேலேயிருந்து போடுவதைப் பார்த்துக்கொண்டே ஓடப் பழகியிருந்தேன். அவ்வளவுதான். தபால்காரிக்கு அந்த விவரம் தெரியாது. "இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை!" என்று மண்டபம் அதிரச் சொன்னார்.

என்னையும் சேர்த்து எங்கள் ஊர் அணியில் ஐந்து பேர்தான். எல்லைக்கு அப்பால் இருந்த ஊரிலும் அதே கதை. அங்கே நான்கு பேர், கோல்கீப்பர் இல்லை. அந்த ஊர்ப் பயிற்சியாளர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்று நடத்தியவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. தன்னிடம் பழகவந்தவர்களிடமிருந்து கொஞ்சம் டெனிஷ் பொறுக்கியெடுத்திருந்தார். அவரும் தபால்காரியும் ஏதோ ஒரு போட்டியில் சந்தித்து, இரண்டு குறை அணிகளைச் சேர்த்தால் ஒரு முழு அணி வரும் என்று முடிவு செய்தார்கள். சங்கங்களின் லீக்கில் ஆட விதி இடம் தராது. வார இறுதிகளில் நடக்கும் சுற்றுப்போட்டிகளில் ஆடலாம். ஒரு சனிக்கிழமை இங்கே பயிற்சி, அடுத்த சனிக்கிழமை அங்கே.

அணிக்குப் பெயர் வைக்க ஒரு மாலை முழுக்கப் பெரியவர்கள் பேசினார்கள். எந்த ஊர்ப் பெயர் முதலில் வருவது என்பதில் ஒத்துவராமல், கடைசியில் ஓடையின் பெயரை வைத்தார்கள். சட்டையின் நிறத்துக்கும் அதே பாடு. சிவப்பும் வெள்ளையும் கூடாது, அது டென்மார்க். வேறு சில நிறங்களும் கூடாது, அவை ஜேர்மனி. கடைசியில் பச்சைக் கை வைத்த மஞ்சள் சட்டை வந்தது. கழுவக் கழுவ மஞ்சள் வெளிறி வெண்ணெய் நிறமானது. நான் பார்த்த உடுப்புகளில் அதைப்போல அழகில்லாத ஒன்று இல்லை. அதைப் போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

பேசுவதுதான் பிரச்சினை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஜேர்மன் பாடம் இருந்தும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டெனிஷ் தெரியாது. கோலுக்குள் நிற்பவள் முழு ஆட்டத்தையும் பார்ப்பவள், அவள்தான் கத்தவேண்டும். எந்த மொழியில் கத்துவது? முதல் போட்டியிலேயே, ஒருத்தி வலப்பக்கத்தால் புகுந்து வந்தபோது, பதற்றத்தில் என் வாயில் வந்தது, "அங்காலை! அங்காலை!" என்பதுதான். என் கை காட்டிய திசையில் இருவர் ஓடிப்போய் மறித்தார்கள். பிறகு, இந்தப் பக்கத்துக்கு "இஞ்சாலை" வந்தது. "விடாதை" வந்தது. பந்து கைக்கு வந்ததும் எல்லோரும் முன்னால் ஓடுவதற்கு "ஓடு". மார்கழிக்குள் அத்தனை பேருக்கும் அந்த நான்கு சொல்லும் பழகிவிட்டன. எதிரணிகளுக்கு டெனிஷோ ஜேர்மனோ புரியும். இது புரியவில்லை. நாங்கள் ஏதோ இரகசிய முறை வைத்திருக்கிறோம் என்று ஒரு பயிற்சியாளர் நடுவரிடம் முறையிட்டார். அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

நான் எப்போதும் நிறுத்திவிடும் இடம் இதுதான்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒருத்தி இடக்கைக்காரி. மெலிந்த, உயரமான, மூக்குச் சிவந்த பிள்ளை. விளையாடி முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் குளிப்பது இங்கே வழக்கம். எனக்கு அது முடியவில்லை. வியர்வையோடு சட்டையை மாற்றாமல் நின்றேன். இரண்டு வாரம் அதைக் கவனித்தவள், மூன்றாவது வாரம் ஒன்றும் கேட்காமல் தன் பெரிய துவாயை இரண்டு கையாலும் விரித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். கடைசிவரை அப்படித்தான் நின்றாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக நான்கு சொற்கள்தான் இருந்தன, அவையும் ஆட்டத்துக்கு உரியவை.

கடவுச்சீட்டு விஷயத்தையும் சொல்லவேண்டும். எங்களிடம் இருந்தது வெளிநாட்டவருக்கென்று கொடுக்கும் சாம்பல் நிறப் புத்தகம். அதோடு ஜேர்மனிக்குள் போக விசா வேண்டும். அப்பா சன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். விதி என்றால் விதி என்று நிற்பவர். வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், அந்தப் பருவம் முழுக்கப் போய்வருகிற மாதிரி விசா எடுத்துக்கொண்டு வந்தார். ஆகவே பத்திரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பிறகு எல்லோரும் அதைப் 'பத்திரப் பிரச்சினை' என்றே பேசினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஜேர்மனியில் வெளிநாட்டவர் தங்கியிருந்த வீடுகளுக்குத் தீ வைக்கும் செய்திகள் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரிப்பார். உரித்த கிழங்கையே திரும்பவும் உரிப்பார். எங்கள் பக்கத்தில் வேறு பேச்சு. எல்லை தாண்டி வயல்களுக்குள்ளால் அகதிகள் வருகிறார்களாம். பூட்டிக்கிடந்த பழைய ஹொட்டலை அவர்களுக்கு முகாமாக்கப் போகிறார்களாம். ஒரு காலை பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடியில் யாரோ கறுப்பு மையால் எதையோ எழுதியிருந்தார்கள். அப்பா என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் பார்க்காமல் திருப்பினார். நான் அதற்கு முதலே வாசித்துவிட்டேன். டெனிஷ் வாசிப்பதில் எனக்கு அவரைவிட வேகம் அதிகம்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தப் பக்கத்தில் பயிற்சி முடித்துத் தபால்காரியின் பச்சை வான் வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அந்த வானின் சறுக்குக் கதவு ஒரு உதை கொடுத்தால்தான் மூடும். அதுவரை எல்லையில் அவரை எல்லோருக்கும் தெரியும், கை காட்டி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு புதிய, இளம் அதிகாரி நின்றார். டெனிஷ்காரர். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்து, என்னில் நின்றார். புத்தகத்தைக் கேட்டார். அட்டையில் 'அன்னியர்' என்று அச்சிட்டிருந்த டெனிஷ் சொல்லை வாய்விட்டு வாசித்தார்.

"இது உங்கள் பிள்ளையா?" என்று தபால்காரியைக் கேட்டார்.

"இவள் என் கோல்கீப்பர்."

"நான் கேட்டது அதை அல்ல."

"என்னிடம் வேறு பதில் இல்லை. விசா உள்ளே இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்."

அவர் திருப்பிப் பார்த்தார். பிறகும் என்னை இறங்கச் சொன்னார். ஒரு சின்ன அறையில், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் என்னை இருத்தி, யாருக்கோ தொலைபேசியில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நடுவில் பிழைவிட்டுத் திரும்பத் தொடங்கினார். முழங்காலில் ஒட்டியிருந்த பிசினை நகத்தால் சுரண்டிக்கொண்டு இருந்தேன். சன்னலுக்கு வெளியே தபால்காரி அந்த வான் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். திறப்பதற்கும் அல்ல, மூடுவதற்கும் அல்ல. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

விட்டுவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மண்டபத்துக்கு வந்து சேரும்போது மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் குளிரில் காத்து நின்றார்கள். அதற்குப் பிறகு போகிற சனிக்கிழமை எல்லாம் அதேதான் நடந்தது. ஜேர்மன்காரர்களும் சிலவேளை நிறுத்தினார்கள். திரும்பும்போது டெனிஷ் அதிகாரிகள் தவறாமல் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாக இருந்தது.

மாசியில் சிற்றுண்டிக் கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். ஈஸ்டருக்கு எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய சுற்றுப்போட்டி. அதற்குப் போவதைப் பற்றிப் பேச என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பெற்றோரும் வந்தார்கள். அப்பா வேலை உடுப்பை மாற்றி, தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காலத்தில் நாம் எல்லோரும் செய்த வேலைதானே அது. வைத்தியரிடம், வங்கியில், பள்ளியில். எங்களைப் பற்றியே பேசுகிற இடத்திலும் நாங்கள்தான் மொழிபெயர்ப்பு.

ஊரில் பெயின்ற் கடை வைத்திருந்தவர் முதலில் பேசினார். அவர் மகள் எங்கள் அணியில் ஆடினாள். கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டுச் சமையலறைக்குச் சும்மா பெயின்ற் தந்தவர்.

"அந்தப் பிள்ளையில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்திரப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதோடு அங்கே இப்போது பாதுகாப்பும் இல்லை. செய்தியில் பார்க்கிறோமே, வீடுகளை எரிக்கிறார்கள். பயிற்சி எல்லாவற்றையும் இந்தப் பக்கமே வைக்கலாம்."

"என்ன சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

இடக்கைக்காரியின் தாய் எழுந்தார். அவர் ஜேர்மனில் பேசினார். எனக்குப் பாதி விளங்கியது, மீதியை ஓட்டுநர் பள்ளிக்காரர் தன் மெதுவான டெனிஷில் சொன்னார். "வீடுகளை எரிப்பது நாங்கள் அல்ல. எங்கள் மகளும் அவளும் ஒன்றாகத்தான் உடுப்பு மாற்றுகிறார்கள். அவளைத் தவறாமல் நிறுத்துவது உங்கள் எல்லைக்காரர்கள். அதற்கு நாங்கள் ஏன் ஒவ்வொரு கிழமையும் இங்கே வரவேண்டும்?"

"உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை," என்றார் பெயின்ற் கடைக்காரர்.

அப்போது மேசை துடைத்துக்கொண்டிருந்த காவலாளி நிமிர்ந்தார். சுத்தமான, வேகமான ஜேர்மனில் பேசினார். அவர் அதைப் பேசி எங்கள் ஊரார் கேட்டது அதுதான் முதல் முறை. ஓட்டுநர் பள்ளிக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. பெயின்ற் கடைக்காரர்தான் முணுமுணுப்பாகச் சொன்னார்: "கேட்காமல் நீங்கள் எங்கள் ஊருக்குள் வந்தது இது முதல் முறை அல்ல, என்கிறார்."

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பெயர் அந்தப் பேச்சில் இல்லை. மேசையில் ஆரஞ்சுத் துண்டுகள் வைத்திருந்த தட்டு ஒன்றை யாரோ தள்ள, அது கீழே விழுந்தது. தபால்காரி இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ கத்தினார். அவருடைய குரலே அன்றைக்கு எடுபடவில்லை.

அப்பா எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"பிள்ளை, இவையளிட்டைச் சொல்லு. என்ரை மகளை நான் நிப்பாட்டுறன். இவையள் சண்டை பிடிக்க வேண்டாம்."

நான் அவரைப் பார்த்தேன். "அப்பா, நான் சொல்லமாட்டன்."

"சொல்லு."

"அவையள் இப்ப என்னைப் பற்றிக் கதைக்கேல்லை, அப்பா. தங்களைப் பற்றித்தான் சண்டை."

"அதுதான் சொல்லு எண்டுறன்."

அவர் எழுந்து நின்றதால் சத்தம் குறைந்திருந்தது. நான் டெனிஷில் சொன்னேன். அப்பா என்னை ஆட்டத்திலிருந்து நிறுத்துகிறார், நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம் என்கிறார். தமிழில் கனமாக இருந்தது டெனிஷில் மிகச் சின்ன வாக்கியமாக வந்தது.

பெயின்ற் கடைக்காரர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. ஓட்டுநர் பள்ளிக்காரர் மட்டும் பெரிய தலையை ஆட்டிக்கொண்டு, "இல்லை, இல்லை. உன் அப்பாவிடம் சொல், இது தவறு. நீ போனால் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதற்கே ஒன்றும் மிஞ்சாது," என்றார். சொன்னேன். "அவருக்கு விளங்காது," என்றார் அப்பா. தபால்காரி தரையில் குனிந்து ஆரஞ்சுத் துண்டுகளைப் பொறுக்கினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்காக அவரை நெடுங்காலம் மன்னிக்காமல் இருந்தேன். இப்போது யோசித்தால், பார்த்திருந்தால் அவர் அழுதிருப்பார் போலும்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவரைக் கோழை என்று நினைத்தேன். இத்தனை வருடமும், கொஞ்சம் மரியாதையான சொற்களில், அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் போட்டிக்கு அவர்கள் போனார்கள். கோலுக்குள் நின்றவள் கண்ணை மூடினாள். முதல் நாளே தோற்று வெளியேறினார்கள். என்னைப் பற்றிய பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆனால் சண்டை தீரவில்லை. பயிற்சி எங்கே என்பதில், தோல்விக்கு யார் காரணம் என்பதில், சட்டைகளை யார் வைத்திருப்பது என்பதில் அது தொடர்ந்தது. வைகாசியில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வருவது நின்றது. எங்கள் ஊரில் மிஞ்சியவர்களைக் கொண்டு ஓர் அணி ஆடமுடியாது. பெண்பிள்ளைகள் பிரிவையே மூடிவிட்டார்கள். அங்கேயும் மூடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெயின்ற் கடைக்காரரின் மகள் நீச்சலுக்குப் போனாள். மற்றவர்கள் ஒன்றுக்கும் போகவில்லை.

அந்த வைகாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், எங்கள் தொடர்மாடி வாசலில் இடக்கைக்காரி சைக்கிளோடு நின்றாள். எல்லை தாண்டித் தனியாக ஓட்டி வந்திருந்தாள். கூடையில் பந்து. அவளை எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. கார்க் கொட்டிலின் சுவரில் ஒரு கோல் வரைந்து, பொழுது சாயும்வரை அவள் எறிந்தாள், நான் தடுத்தேன். அம்மா கூப்பிட்டு இடியப்பம் கொடுத்தார். அவள் அதை முள்ளுக்கரண்டியில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாவம், நல்ல பசி," என்றார். போகும்போது என் கையைப் பிடித்து ஜேர்மனில் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு வடக்கே ஓகூஸ் நகரில் வேலை கிடைத்தது. வீடு மாறினோம். மஞ்சள் சட்டையைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அந்த ஊருக்குத் திரும்பிப் போக ஒரு காரணமும் இருக்கவில்லை.

நடுவில் பல வருடம் அந்த எல்லை இருக்கிற இடமே தெரியாமல் இருந்தது. சாவடிகள் வெறுமையாகக் கிடந்தன. வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஜேர்மனிக்குச் சாரி வாங்கப் போய்வந்தோமே, நினைவிருக்கிறதா? பிறகு திரும்பவும் பொலிஸார் வந்து நின்றார்கள். தற்காலிகம் என்றார்கள். இப்போதும் தற்காலிகம்தான்.

போன கோடையில் ஜேர்மனியில் என் மச்சானின் மகளுக்குத் திருமணம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா இப்போது இல்லை. திரும்பி வரும்போது எல்லையில் இளம் பொலிஸ்காரி ஒருத்தி குனிந்து பார்த்து, எங்களை ஓரத்துக்கு எடுக்கச் சொன்னாள். முன்னால் போன மூன்று காரையும் கை காட்டி அனுப்பியவள். எங்கள் சிவப்பு டெனிஷ் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு போனாள்.

பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம். அப்பா சீற்பெல்ற்றைக் கழற்றிவிட்டு, கதவின் கைபிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கை போறியள் அப்பா? ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லை."

"சொல்ல முதல் இறங்கினால் கெதியா விட்டிடுவாங்கள்."

"இருங்கோ."

"எனக்கு இது பழக்கம், பிள்ளை. அண்டைக்கு அந்தப் பந்து விளையாட்டுக் கூட்டத்திலையும் அப்பிடித்தானே செய்தனான். நீ மூண்டு மாசம் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

அவர் அதைக் கவனித்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு பகுதி நிண்டு கத்திற இடத்திலை மூண்டாவது ஆள் நிக்கக்கூடாது. கடைசியிலை ரெண்டு பேரும் சேர்ந்து அவனுக்குத்தான் அடிப்பாங்கள். நான் அதை ஊரிலை கண்ணாலை கண்டனான். நீ நடுவிலை நிண்டாய். உன்னை அதுக்குள்ளையிருந்து எடுக்கவேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது." பிறகு, "நாங்கள் விலகினபடியால் அந்தப் பிள்ளையளும் தொடர்ந்து விளையாடியிருப்பினம், என்ன?" என்றார்.

அவருக்குத் தெரியாது. அவர் சன்னல் தொழிற்சாலையில் இரட்டை வேலை செய்த மாதங்கள் அவை. பிறகு வீடு மாறிவிட்டோம். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இத்தனை காலமும், எல்லையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டையோடு ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் நினைத்திருக்கிறார்.

"இல்லை அப்பா. அந்த ரீம் அதோடை முடிஞ்சுது. ரெண்டு ஊரிலையும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நாங்கள் விலகியுமோ?"

"ஓம்."

கைபிடியிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்தார். பொலிஸ்காரி திரும்பி வந்தாள். கடவுச்சீட்டுகளைத் தந்தாள், எல்லாம் சரி என்றாள். காரின் பின்பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்க்கவேண்டும், விரும்பினால் இறங்கி நிற்கலாம் என்றாள்.

நான் இறங்கினேன். கல்யாண வீட்டுப் பலகாரப் பெட்டிகளை அவளுக்குத் திறந்து காட்டினேன். அவள் அப்பா இருந்த பக்கத்துச் சன்னலில் குனிந்து அவரிடம், வயதானவர்களிடம் பேசுகிற மெதுவான டெனிஷில், இறங்கி நிற்க விருப்பமா என்று கேட்டாள்.

அப்பா சீற்பெல்ற்றை இழுத்துத் திரும்பவும் பூட்டினார். அவருடைய டெனிஷ் இன்றுவரை திருந்தவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் சொன்னார்.

"இல்லை. நான் இருக்கிறேன்."